கொல்லையில் ஹாப்ஸ்: பூவில் சாக்ஸ் நாற்றம், போதாததற்கு உள்ளே விதை வேறு

ஹில்ஸ்பரோ_கொடி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரிகானில் போர்ட்லாண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில் இருக்கிறேன். பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற பூக்கொடிதான் ஹாப்ஸ். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஏப்ரலில் அதில் கேஸ்கேட் ரகத்தில் இரண்டு, சென்டெனியல் ரகத்தில் ஒன்று என்று மூன்று வேர்த்துண்டுகள் வாங்கிக் கொல்லையில் தெற்குப் பார்த்த சுவர் ஓரமாக நட்டேன். முதல் வருடம் ஒரு கைப்பிடி பூ. இரண்டாவது வருடம் ஒரு சட்டி. இந்த வருடம்தான் கொடி தன் சுயரூபத்தைக் காட்டியது. ஜூனில் காலையில் பார்த்த நுனி சாயங்காலம் அந்த இடத்தில் இல்லை, கூரை விளிம்பைத் தாண்டி டிஷ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டது. ஆகஸ்ட் கடைசியில் பறித்ததில் மூன்று கிலோவுக்கு மேல் தேறியது.

சிக்கல் அதற்கப்புறம். ஊரில் தங்கை பையனுக்குக் காதுகுத்து. பறித்த பூவைக் காகிதப் பைகளில் அமுக்கிப் போட்டு கராஜில் வைத்துவிட்டு ஃபிளைட் ஏறிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வந்து பையைத் திறந்தால் பழைய சீஸும் நாள்பட்ட சாக்ஸும் கலந்த நாற்றம். மனசு கேட்காமல் அதையே போட்டு பேல் ஏல் என்கிற பியர் காய்ச்சினேன். குடித்துப் பார்த்த நண்பன் "வைக்கப்போர்ல படுத்து எந்திரிச்ச மாதிரி இருக்குடா" என்றான். இரண்டாவது கிளாஸ் கேட்கவில்லை.

கேள்வி இரண்டு. எனக்கு விற்றவர் நல்ல கேஸ்கேட்தான் கொடுத்தாரா, இல்லை ஏதோ காட்டுக்கொடியைத் தலையில் கட்டிவிட்டாரா? அப்புறம், சில பூக்களைப் பிரித்தால் இதழின் அடியில் சின்னதாக, மிளகில் பாதிகூட இல்லாத விதை இருக்கிறது. அதைப் போட்டு முளைக்க வைத்தால் எனக்கென்று ஒரு புது ரகம் கிடைக்குமா? சிரிக்காதீர்கள்.

பழைய_கள்ளுக்கடை:

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். தம்பி, கொடி மேல் ஒரு குற்றமும் இல்லை. ஈரப்பூவைப் பையில் அமுக்கி மூன்று வாரம் வைத்தால் மல்லிகைப்பூ என்ன ஆகுமோ அதுதான் இதற்கும் ஆகும். பறிக்கும்போது பூவின் எடையில் முக்கால் பாகத்துக்கு மேல் தண்ணீர். குப்பை மேடு சூடாகிற மாதிரி பைக்குள்ளேயே வெந்திருக்கும். அந்த பியரை ரோஜாச் செடிக்கு ஊற்றுங்கள்.

யாக்கிமா_ராத்திரி:

இந்த இழையில் எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. ஆறு சீசன் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் உலர்த்தும் கொட்டகையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். அமெரிக்க ஹாப்ஸில் முக்கால்வாசி விளைகிற இடம் அது. மழை வருடத்துக்கு எட்டு அங்குலம்தான், மலையில் உருகும் பனித்தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து சொட்டுநீராகக் கொடுக்கிறார்கள். பதினெட்டு அடி உயரத்தில் கம்பிப் பந்தல், அதிலிருந்து ஒவ்வொரு செடிக்கும் கயிறு.

ஆகஸ்ட் நடுவில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை மெஷின் நிற்காது. கொடியை மேலேயும் கீழேயும் வெட்டி லாரியில் அப்படியே படுக்கவைத்துக் கொண்டுவந்து, கொட்டகையில் கொக்கியில் தலைகீழாக மாட்டினால் மெஷின் பூவையும் இலையையும் உருவி எடுக்கும். பூ நேராக உலர்த்தும் தளத்துக்குப் போகும். ஓட்டைத் தரை, அதன்மேல் இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூ, கீழேயிருந்து சூடான காற்று. வெப்பம் 55லிருந்து 60 டிகிரி செல்சியஸ் சுற்றி. எட்டு மணி நேரம், சில சமயம் பத்து. அடியில் இருக்கிற பூ முதலில் காயும், மேலே இருப்பது கடைசியில். அடிப்பூவை நம்பி நிறுத்தினால் மேல்பூ ஈரமாகவே இருக்கும், மேல்பூவுக்காகக் காத்திருந்தால் அடிப்பூவின் எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். ராத்திரி இரண்டு மணிக்குக் கையை உள்ளே விட்டுப் பார்த்து இதை முடிவு செய்வதுதான் வேலை. மீட்டர் எல்லாம் உண்டு, ஆனாலும் பழைய ஆட்கள் கையைத்தான் நம்புவார்கள்.

ஈரம் 8லிருந்து 10 சதவீதத்துக்கு வந்ததும் இறக்கி ஒரு நாள் குவித்து ஆற விடுவோம். பூவின் நடுக்காம்பில் தங்கிய ஈரம் இதழுக்குப் பரவிச் சமமாக அந்த அவகாசம் வேண்டும். அப்புறம்தான் 200 பவுண்டு பொதியாக அழுத்துவது. ஈரம் அதிகமாக இருக்கும்போதே பொதி கட்டினால் அது தானாகச் சூடேறும், தீப்பிடிக்கவும் செய்யும். 2006 அக்டோபரில் யாக்கிமாவில் ஒரு கிடங்கு எரிந்து அந்த வருட அமெரிக்க விளைச்சலில் 4 சதவீதம் போல போனது. அடுத்த ஒன்றிரண்டு வருடம் ஹாப்ஸ் கிடைக்காமல் சின்ன பியர் ஆலைகள் தவித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். பழைய கொசுவலைச் சட்டம் இரண்டு மூன்று இருந்தால் போதும். ஒரு விரல் கனத்துக்குப் பூவைப் பரப்பி, கீழே ஃபேன் வைத்து, நிழலில் காய வையுங்கள். வெயில் வேண்டாம். நடுக்காம்பை எடுத்து வளைத்துப் பாருங்கள், வளைந்தால் இன்னும் ஈரம், முருங்கைக் குச்சி மாதிரி டக்கென்று ஒடிந்தால் ஆயிற்று. கணக்கும் உண்டு. ஒரு கிலோ ஈரப்பூவில் தண்ணீர் 80 சதவீதம் என்றால் திடப்பொருள் 200 கிராம். அது 10 சதவீத ஈரத்தோடு நிற்க வேண்டும் என்றால் தராசில் 222 கிராம் காட்ட வேண்டும். உங்கள் மூன்று கிலோ ஒழுங்காகக் காய்ந்திருந்தால் 660, 670 கிராம். வீட்டில் ஐந்தாறு தடவை காய்ச்சலாம்.

அந்த சாக்ஸ் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்றால், பூவுக்குள் மஞ்சள் பொடி மாதிரி இருக்கிறதே, லூபுலின், அதில்தான் கசப்புக்கான ஆல்ஃபா அமிலமும் மணத்துக்கான எண்ணெயும் இருக்கின்றன. காற்றும் சூடும் பட்டு ஆல்ஃபா அமிலம் சிதைந்தால் ஐசோவலேரிக் அமிலம் வரும். சீஸிலும் கால் வியர்வையிலும் இருப்பது அதேதான். உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஹில்ஸ்பரோ_கொடி:

அண்ணா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. கராஜில் கொசுவலைச் சட்டம் நான்கு கிடக்கிறது. பையை அதன்மேல்தான் வைத்திருந்தேன் என்பதை இப்போது சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எப்போது பறிப்பது என்பதிலும் சந்தேகம். நான் பறித்தபோது பூ பச்சையாக மெத்தென்று இருந்தது.

யாக்கிமா_ராத்திரி:

மெத்தென்று இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே பறித்துவிட்டீர்கள். வைக்கோல் வாசத்துக்கு அது பாதிக் காரணம். பழுத்த பூவை அமுக்கினால் காகிதம் மாதிரி சரசரவென்று சத்தம் வரும், விட்டதும் பழையபடி எழும்பும். உள்ளே பொடி வெளிர் மஞ்சளிலிருந்து நல்ல மஞ்சளாகியிருக்கும். உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். செப்டம்பரில் பியர் ஆலைக்காரர்கள் யாக்கிமாவுக்கு வந்து மேஜை மேஜையாக அதைத்தான் செய்கிறார்கள், ஒரே ரகத்தில் பத்துத் தோட்டத்துப் பூவைத் தேய்த்து முகர்ந்து தங்களுக்கு வேண்டியதைப் பொறுக்குவார்கள். ரொம்பவும் விட்டுவிடாதீர்கள், சில ரகங்களில் பூண்டு வெங்காய வாசம் ஏறிவிடும்.

மியூனிக்_மாப்பிள்ளை:

விதையைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஹாப்ஸில் பனை மாதிரி ஆண் தனி, பெண் தனி. நமக்கு வேண்டிய பூ பெண் கொடியில் மட்டும்தான். உங்கள் பூவில் விதை இருக்கிறது என்றால் காற்றில் மகரந்தம் வருகிற தூரத்தில் எங்கோ ஓர் ஆண் கொடி நிற்கிறது. பக்கத்து வேலியில் தேடுங்கள்.

நான் இருப்பது ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதிக்கு ஒரு மணி நேரத் தூரத்தில். ஒரே தொடர்ச்சியாக உலகத்திலேயே பெரிய ஹாப்ஸ் பகுதி அதுதான், பந்தல் இங்கே ஏழு மீட்டர். இங்கே காட்டு ஆண் கொடியை வேரோடு பிடுங்க வேண்டும் என்று விதிமுறையே இருக்கிறது. விதை வந்தால் எடை கூடும், மணம் கூடாது என்பது ஜெர்மன்காரர்களின் கட்சி. இங்கிலாந்தில் நேர்மாறு, அங்கே தோட்டத்திலேயே ஆண் கொடியை நட்டு விதையோடுதான் பரம்பரையாக வளர்த்தார்கள், யாரும் செத்துப்போகவில்லை. ஆகவே விதையால் உங்கள் பியர் கெட்டது என்று நினைக்காதீர்கள்.

யாக்கிமா அண்ணனோடு ஒரு சின்னச் சண்டை. //கையை உள்ளே விட்டுப் பார்த்து// எல்லாம் சரி, ஆனால் உலர்த்துவதை ரொம்பத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். எப்படி உலர்த்தினாலும் சாஸ் ஹாப்ஸ் சிட்ரா ஆகிவிடாது. செக் நாட்டு ஜாடெட்ஸ் ஊரின் சாஸில் ஆல்ஃபா 3, 4 சதவீதம். சிட்ராவில் 11க்கு மேல், கூடவே மாம்பழ, எலுமிச்சை வாசம். ரகம்தான் ராஜா.

யாக்கிமா_ராத்திரி:

ராஜாவை 70 டிகிரியில் காய வைத்துப் பாருங்கள் மாப்பிள்ளை, ராஜாவும் ஆண்டியாகிவிடுவார். மணத்தில் பெரும்பங்கு மிர்சீன் என்கிற எண்ணெய், அதுதான் முதலில் ஓடிப்போகும்.

கலப்பு_வாத்தியார்:

சண்டைக்கு நடுவில் வருகிறேன். கோவையில் வேளாண்மை படித்து, பயிர்ப்பெருக்கத்தில் இருபது வருடம் கழித்தவன். ஹாப்ஸ் என் பயிர் இல்லை, ஆனால் அதன் கதையை விரும்பிப் படித்திருக்கிறேன்.

ஹில்ஸ்பரோ நண்பரே, விதையைத் தாராளமாகப் போடுங்கள். ஈரமணலில் கலந்து ஒரு டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒன்றரை மாதம் வைத்துவிட்டு விதையுங்கள், குளிர் பட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். ஆனால் முளைப்பது கேஸ்கேட் ஆகாது. மாங்கொட்டையைப் போட்டு அதே இமாம்பசந்தை எதிர்பார்க்கிற கதை. அதனால்தான் ரகத்தை வேர்த்துண்டு, தண்டுத்துண்டு வைத்தே பெருக்குகிறார்கள், வெற்றிலைக்கொடி மாதிரி. உலகத்தில் இருக்கிற கேஸ்கேட் எல்லாம் ஒரே செடியின் துண்டுகள்.

முளைத்ததில் பாதி ஆணாக இருக்கலாம், பூக்கிற வரை கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பயிர்ப்பெருக்கக்காரனுக்கு இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. ஆண் கொடியில் காய்ச்சிப் பார்க்கப் பூவே கிடையாது. அதன் மணம் என்ன, கசப்பு என்ன என்று அதன் பெண் பிள்ளைகளைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமியாரைப் பார்த்து முடிவு செய்கிற மாதிரி, ஆனால் தலைகீழாக.

வருடக் கணக்கைப் பாருங்கள். உங்கள் கேஸ்கேட் இருக்கிறதே, அது உங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கிற கோர்வாலிஸில், அமெரிக்க வேளாண்துறையும் ஒரிகான் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய திட்டத்தில் 1956ல் கிடைத்த நாற்று. தாய்வழியில் ஆங்கில ஃபகிள், ரஷ்ய செரெப்ரியாங்கா ரகங்கள். அடிச்சாம்பல் நோயைத் தாங்குகிற செடி வேண்டும் என்பதுதான் அப்போதைய கவலை, மணத்தை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. வெளியிட்டது 1972ல். ஜெர்மனியில் ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ ரகத்தை வாடல் நோய் அடித்து விலை ஏறிய நேரம், பெரிய மதுக்கம்பெனிகள் உள்ளூரில் ஒரு மாற்றுத் தேடியதால் அது பிழைத்தது. அப்புறம் 1980ல் சியரா நெவாடா கம்பெனியின் பேல் ஏல் வந்து அந்த எலுமிச்சை, பைன் வாசத்தை ஊருக்கெல்லாம் பழக்கியது. சிட்ராவின் கலப்பு 1990ல், கடைக்கு வந்தது 2000களின் கடைசியில். ஒரு பிள்ளையைப் பெற்றுக் கல்லூரிக்கு அனுப்புகிற காலம்.

இதிலும் எனக்குப் பிடித்த கதை இங்கிலாந்தின் வை (Wye) கல்லூரியில் பேராசிரியர் சால்மன் செய்தது. கனடாவின் மனிடோபாவில் காட்டில் வளர்ந்த ஒரு கொடியின் துண்டை வரவழைத்து 1916ல் நட்டார். தாய்க்கொடி ஆங்கிலக் குளிர்காலம் ஒன்றில் செத்தே போனது. ஆனால் அதற்குள் விதை கிடைத்துவிட்டது. தோட்டத்தில் காற்றில் வந்த ஏதோ மகரந்தம், அப்பன் யார் என்று தெரியாது. அந்த விதையில் முளைத்த ஒன்றுதான் ப்ரூவர்ஸ் கோல்ட், 1934ல் வெளியிட்டார். கசப்பு அபாரம், ஆனால் "அமெரிக்க வாடை அடிக்கிறது" என்று ஆங்கில மதுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இன்றைய கசப்பு ரகங்கள் பலவற்றின் பரம்பரையில் அந்த மனிடோபாக் காட்டுக்கொடி இருக்கிறது. ஆக, உங்கள் வேலிக்கு அப்பால் நிற்கிற ஊர்பேர் தெரியாத ஆணைக் கேவலமாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று, இது நம் ஊர்க்காரர்களுக்காக. விதை வராமல் செய்ய ஒரு வழி மும்மடியம், அதாவது குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பது, விதையில்லாத் தர்பூசணி மாதிரி. சாதாரண ஹாப்ஸில் 20 குரோமோசோம். ஃபகிளை கொல்ச்சிசின் மருந்தால் இரட்டித்து 40 ஆக்கி, அதைச் சாதாரண ஆணோடு கலந்தால் பிள்ளைக்கு 30. அதில் விதை சரியாகப் பிடிக்காது. 1976ல் வந்த வில்லாமெட் அப்படிப் பிறந்தது. கொல்ச்சிசின் எதில் இருக்கிறது தெரியுமா? நம் செங்காந்தளில். மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று விதைக்காகப் பயிர் செய்கிறார்களே, அதே செடி. ஒரிகானில் பயன்படுத்திய மருந்து அங்கிருந்து போனது என்று சொல்லவில்லை, பொருள் ஒன்று என்கிறேன்.

தண்ணி_வேண்டாம்:

இவ்வளவு அறிவையும் சாராயம் காய்ச்சவா செலவு பண்ணுகிறீர்கள்?

பழைய_கள்ளுக்கடை:

சாராயம் இல்லை ஐயா, பியர். அமெரிக்காவில் 1978லேயே சட்டம் போட்டு வீட்டில் காய்ச்ச அனுமதித்துவிட்டார்கள், பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு வருடம் 200 காலன். தம்பி வாழ்நாள் முழுக்கக் காய்ச்சினாலும் அவர் பியரை வாங்கிக் குடிக்க ஆள் கிடைக்கப்போவதில்லை, கவலை வேண்டாம்.

கொடைக்கானல்_குளிர்:

ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் குளிர் இருக்கிறது, மழை இருக்கிறது. கொடைக்கானலில் இது வருமா? காய்ச்சுவதற்கு இல்லை, இங்கே வீட்டில் காய்ச்சினால் போலீஸ் வரும் என்று தெரியும். விற்கலாமே என்றுதான்.

கலப்பு_வாத்தியார்:

குளிர் பிரச்சினை இல்லை, வெளிச்சம்தான் பிரச்சினை. இந்தக் கொடி கோடையில் நீண்ட பகலில் மளமளவென்று ஏறி, பகல் குறையத் தொடங்கும்போது பூக்கிறது. ஹில்ஸ்பரோவில் ஜூனில் பகல் பதினைந்தரை மணி நேரம். கொடைக்கானலில் எவ்வளவு நீண்டாலும் பதின்மூன்றைத் தொடாது. இடுப்பு உயரத்தில் இருக்கும்போதே "பகல் குறைந்துவிட்டது" என்று ஏமாந்து நாலு பூ பூத்துவிட்டு நின்றுவிடும். ராத்திரியில் விளக்குப் போட்டு ஏமாற்றலாம், தென்னாப்பிரிக்காவில் ஜார்ஜ் ஊர்ப் பக்கம் அப்படிச் செய்தார்கள், பிறகு அந்தப் பகலுக்கு ஏற்ற ரகங்களையே உருவாக்கிக்கொண்டார்கள். கரண்ட் பில்லைக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். இந்தியாவில் இது ஓரளவு ஒத்துவந்தது இமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், அது 32 டிகிரிக்கு மேலே.

புத்தளம்_பெடியன்:

ஒரு விசயம் நீங்கள் ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பதினெட்டு அடிப் பந்தலில் கட்டுகிற கயிறு எங்கே இருந்து போகிறது? எங்கட பக்கம் இருந்துதான். தும்புக் கயிறு. என்ர மாமா தும்பு ஆலையில் இருந்தவர், அமெரிக்காவுக்குப் போகிற கயிறு என்று கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள், என்னத்துக்கு என்று கேட்டால் "ஏதோ கொடிக்காம்" என்பார். அந்தக் கொடி இதுதான் என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

யாக்கிமா_ராத்திரி:

நூற்றுக்கு நூறு சரி தம்பி. இலங்கைத் தென்னங்கயிறுதான். ஹாப்ஸ் கொடிக்குப் பற்றுக்கம்பி கிடையாது, தண்டில் இருக்கிற சுணை மயிரால் பிடித்து ஏறும், வழுவழுப்பான நைலானில் வழுக்கும். தும்புக் கயிறு சொரசொரப்பு, கொடியின் எடையையும் தாங்கும், அறுவடையில் கொடியோடு சேர்ந்து அரைபட்டாலும் மட்கிவிடும். ஏப்ரலில் டிராக்டர் மேல் மேடை கட்டி அதில் நின்றுகொண்டு ஆட்கள் கயிறு கட்டுவதைப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள், கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சு. மே மாதம் தளிரைக் கயிற்றில் சுற்றிவிடுவதும் கைவேலைதான். எப்போதும் வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், இடமாகச் சுற்றினால் ராத்திரியில் தானே பிரிந்துகொள்ளும். அப்புறம் முழுக்கைச் சட்டை போடுங்கள், அந்தச் சுணை கையைக் கோடு கோடாகக் கிழித்துவிடும்.

மியூனிக்_மாப்பிள்ளை:

இங்கே இரும்புக் கம்பிதான். சரி, கயிறு விஷயத்தில் தோற்றுவிட்டேன்.

பழைய_கள்ளுக்கடை:

எனக்கு ஓர் ஆதங்கம். எனக்கு சிட்ரா நட ஆசை. எந்தக் கடையிலும் வேர் கிடையாது. காப்புரிமையாம். கடவுள் படைத்த கொடிக்குக் காப்புரிமையா?

கலப்பு_வாத்தியார்:

கடவுள் மட்டும் படைக்கவில்லையே ஐயா, பதினெட்டு வருடம் சம்பளம் கொடுத்து ஆயிரக்கணக்கான நாற்றைத் தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. கேஸ்கேட், வில்லாமெட், சென்டெனியல் எல்லாம் அரசுப் பணத்திலும் பல்கலைக்கழகங்களிலும் உருவானவை, யாரும் நடலாம். தனியார் ரகத்தை விவசாயியே உரிமம் வாங்கித்தான் நட வேண்டும். சந்தை சரிந்தால் அடிபடுவது அவர். 2021ல் அமெரிக்காவில் 60,000 ஏக்கருக்கு மேல் இருந்தது, 2024ல் 45,000க்குக் கிட்டே வந்துவிட்டது. பந்தல் காலியாக நிற்கிறது.

யாக்கிமா_ராத்திரி:

நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு பக்கம் பிடுங்கிவிட்டு ஆப்பிள் போட்டார்கள்.

இன்னொன்று மறந்துவிட்டேன், வீட்டில் நாய் இருந்தால் காய்ச்சிய ஹாப்ஸ் சக்கையைத் திறந்த குப்பையில் போடாதீர்கள். நாய்க்கு அது விஷம், உடம்புச் சூடு ஏறி உயிருக்கே ஆபத்தாகும்.

ஹில்ஸ்பரோ_கொடி:

ஒரு வருடம் கழித்து இழையை மேலே கொண்டுவருகிறேன், அப்டேட் சொல்லாமல் ஓடிப்போகிறவன் என்று பெயர் வாங்க விருப்பமில்லை.

இந்த வருடம் மார்ச்சில் வந்த முதல் தளிர்களை வெட்டிவிட்டேன், இங்கே ஈரம் அதிகம் என்பதால் அடிச்சாம்பல் நோய் அதில்தான் தொற்றுகிறது என்று படித்தேன். வெட்டியதை மனைவி தேங்காய் போட்டுப் பொரியல் செய்தாள், லேசான கசப்பு, நன்றாகவே இருந்தது. மே மாதம் இரண்டாவது தளிரைக் கயிற்றில் ஏற்றினேன், தும்புக் கயிறுதான் வாங்கினேன், புத்தளம் தம்பி மாமாவுக்குச் சொல்லவும். பூ சரசரவென்று சத்தம் போடும் வரை பொறுத்து செப்டம்பர் 6ஆம் தேதி பறித்தேன். ஈரப்பூ 3 கிலோ 400. கொசுவலைச் சட்டம், ஃபேன், மூன்று நாள். தராசில் 790 காட்டியது, இன்னும் வேண்டும் என்று ஒரு நாள் விட்டேன், 750ல் நின்றது, காம்பு ஒடிந்தது. காற்று உறிஞ்சிய பைகளில் போட்டு ஃப்ரீசரில் வைத்தாயிற்று.

அதே நண்பன் வந்து குடித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போகும்போது இரண்டு பாட்டில் எடுத்துக்கொண்டு போனான்.

விதை: பதினான்கு போட்டதில் ஐந்து முளைத்தது. ஒன்றை நத்தை தின்றது. ஒன்று பூத்தது, ஆண். மூன்று இன்னும் பூக்கவில்லை. ஆணைப் பிடுங்குவதா வேண்டாமா என்று வாத்தியார் சொல்லவும். அந்த வேலிக்கு அப்பால் நிற்கிற அப்பனையும் கண்டுபிடித்துவிட்டேன், பக்கத்து வீட்டுப் பாட்டி "அழகுக்கு இருக்கட்டும்" என்று கார் ஷெட் மேல் படர விட்டிருக்கிறார்.

கலப்பு_வாத்தியார்:

மூன்றும் பூக்கிற வரை பிடுங்காதீர்கள். ஒன்றாவது பெண்ணாக இருந்தால் எனக்கு ஒரு துண்டு வேண்டும்.

பழைய_கள்ளுக்கடை:

அதற்கும் காப்புரிமை போட்டுவிடாதே தம்பி.